கதவில்லாத ரகசியப் பிரிவு

மனைவி போன துக்கத்தில் ஒரு மனிதன் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்துவிடக் கூடாது என்பதில் அரசாங்கத்துக்கு மிகுந்த அக்கறை உண்டு. அதற்காகவே அவனை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கும் அப்படித்தான் அலைந்தார். மின் இணைப்பு, தண்ணீர் வரி, எரிவாயு என்று ஒவ்வொன்றிலிருந்தும் மனைவியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அவளை இன்னொரு முறை வீட்டைவிட்டு அனுப்புவது மாதிரி இருந்தது. மிச்சமிருந்தது வீடு ஒன்றுதான். இரண்டு அறைகள், ஒரு சமையலறை, கை நீட்டினால் பக்கத்துக் கட்டடத்தைத் தொட்டுவிடக்கூடிய பால்கனி. அது மனைவியின் பெயரில் இருந்தது.

"வாரிசுரிமை நீதிமன்றத்துல ஒரு ஆர்டர் வாங்கிட்டு வந்துருங்க சார். சின்ன வேலைதான்" என்றார் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தா. பொய் சொல்கிறவர் இல்லை. அந்த நீதிமன்றத்துக்கு அவர் போனதில்லை, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் இறந்தவரின் வங்கிக் கணக்கு விவரம் முழுவதையும் கேட்டார்கள். கடன்காரர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்க வேண்டுமாம். மெக்கானிக் வங்கியில் கொடுத்த காகிதக் கட்டை அப்படியே கொண்டுபோய் ஜன்னலில் நீட்டினார். நீட்டிய கை திரும்புவதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் வேகமாக நடந்த ஒரே காரியம் அதுதான் என்று பிற்பாடு அவருக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் விசாரிக்கப் போனபோது, தாழ்வாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவரை நிறுத்தினார்.

"மிக்ஸி இப்ப ஒழுங்கா ஓடுதா?"

"எந்த மிக்ஸி?"

"அதான், ரெண்டு தடவை ரிப்பேருக்குக் குடுத்துட்டு, வெறுத்துப்போயி புதுசு வாங்கினாங்களே உங்க வீட்டம்மா. நானா இருந்தா முதல் தடவையே தூக்கிப் போட்டிருப்பேன். பொறுமைசாலி, பாவம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஆள் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தாழ்வாரத்தின் கோடியில் பொது வாசிப்பறை என்று ஒன்று இருந்தது. நல்ல ஏசி, மெத்தை வைத்த நாற்காலி, குடிக்கத் தண்ணீர். அங்கே யார் வேண்டுமானாலும் போய் எந்த இறந்தவரின் கோப்பை வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கடன்காரர்கள் வந்து பார்க்கட்டும் என்று ஏற்படுத்தியது. கடன்காரர்கள் வரவில்லை. வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாதவர்கள் வந்தார்கள்.

"நான் வரிசையாத்தான் படிப்பேன்" என்றார் கண்டக்டர். "சில பேர் கடைசிப் பக்கத்தை முதல்ல புரட்டிடறாங்க. அதுல என்ன சார் ருசி இருக்கு? மெதுவா போனாத்தான் ஒரு குடும்பம் புரியும். உங்க வீட்டம்மா போன்ல பணம் அனுப்பறப்ப ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்துல ஒரு வார்த்தை எழுதறாங்க பாருங்க, அது ரொம்ப நல்லா இருக்கு. 'இவருக்குச் செருப்பு'ன்னு போட்டிருந்தாங்க. அதோட நேத்து மூடி வச்சேன்."

செருப்பு வாங்கியது மெக்கானிக்குக் கணக்காய் நினைவிருந்தது. அதற்கு அடுத்த மாதம்தான் மனநல மருத்துவமனைக்குப் பணம் கட்ட ஆரம்பித்தார்கள். மாதம் தவறாமல், ஏறக்குறைய இரண்டு வருஷம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மனைவி எழுதியிருப்பாள், 'குட்டிக்கு' என்று.

குட்டி என்பது மனைவியின் தங்கை. முப்பது வயதைத் தாண்டியும் அக்காவுக்கு அவள் குட்டிதான். ஒருநாள் அவள் பேசுவதை நிறுத்தினாள். பிறகு சாப்பிடுவதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காரணம் என்று ஒன்றை யாராலும் சொல்ல முடியவில்லை. அக்காவும் அத்தானும் காதும் காதும் வைத்தாற்போல் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள், பிறகு வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள், பழைய ஆளாக ஆக்கித் தனி வீடு பார்த்து அனுப்பினார்கள். இப்போது அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் தாய்மார்கள் ஆபீசுக்குப் போகும் அவசரத்தில் கைக்குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுகிறார்கள். அவளுக்கு அந்த ஓட்டம்தான் பெருமை. மருத்துவமனை விஷயம் தெரிந்தால் ஒரு தாய்கூட அப்படி ஓட மாட்டாள். விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி போய்விட்டாள்.

"சார், மேல படிக்காதீங்க" என்றார் மெக்கானிக்.

"ஏன், அதுக்கு மேல நல்லா இல்லையா?"

மெக்கானிக் ஜன்னலுக்கு ஓடினார். கோப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். முத்திரை விழுந்தது திரும்பாது என்றார்கள். சரி, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றாவது ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் திடுக்கிட்டுப் போனாள்.

"இது உங்க மனைவியோட தனிப்பட்ட விவரம் சார். உங்களுக்கு எப்படிக் காட்ட முடியும்?"

"உள்ள ஒருத்தர் உக்காந்து படிச்சிட்டிருக்காரேம்மா."

"அவர் மூணாம் மனுஷர். அவருக்கு இதுல எந்த சம்பந்தமும் இல்ல. நீங்க சம்பந்தப்பட்டவர். சம்பந்தப்பட்டவங்க கண்ணுல படாம பாத்துக்கறதுதானே எங்க வேலை."

வீடே வேண்டாம், மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். அப்படி எடுத்தால் வாரிசு இல்லாத சொத்து என்று ஆகிவிடும், கோப்பின் நகலை வாசல் பலகையில் பக்கம் பக்கமாக ஒட்டி உரிமை கோருபவர் வரலாம் என்று அறிவிப்போம் என்றாள் அந்தப் பெண். பலகை பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருந்தது. பஸ்ஸோ அரைமணிக்கு ஒன்று.

"ரகசியமா இருக்கணும்னா ரகசியப் பிரிவுல மனு குடுங்க. மாடில, வலது பக்கம். கதவு இருக்காது, போர்டு இருக்கும்."

கதவு இல்லைதான். கீல் இருந்த இடத்தில் நிலையில் நான்கு ஓட்டைகள் இருந்தன. உள்ளே ரகசியப் பிரிவு அதிகாரி உட்கார்ந்திருந்தார். வெளியே பெஞ்சில் நெருக்கியடித்து ஏழெட்டுப் பேர், எல்லார் முகமும் உள்பக்கம் பார்த்தபடி. மெக்கானிக் மேசை மேல் குனிந்து மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. "இங்க யாரும் கிசுகிசுக்கக் கூடாது. கிசுகிசுத்தா இங்க ஏதோ ரகசியமா நடக்குதுன்னு ஜனங்க நினைப்பாங்க. அதுக்காகத்தான் கதவையே கழட்டினோம்."

மெக்கானிக் சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் ஒரு நடுத்தரக் குரலில் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. வங்கிக் கணக்கில் ஒரு மருத்துவமனைச் செலவு இருக்கிறது, அது வெளியே தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னார். பெஞ்சில் கடைசியாக இருந்தவர் "என்ன ஆஸ்பத்திரின்னார்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அதிகாரி ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். எதை மறைக்க வேண்டும், ஏன் மறைக்க வேண்டும், தெரிந்தால் யாருக்கு என்ன கேடு, எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'மேற்படி ரகசியம் குறிப்பாக எவரெவருக்குத் தெரியக் கூடாது? பெயர், முகவரியுடன் எழுதவும்' என்று இருந்தது.

"இது எதுக்கு சார்?"

"அவங்களுக்கு நோட்டீஸ் போகணும் இல்ல?"

"என்ன நோட்டீஸ்?"

"இந்த மாதிரி, இன்ன விஷயம் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒருத்தர் மனு போட்டிருக்காரு, உங்களுக்கு ஆட்சேபம் இருந்தா வந்து சொல்லுங்கன்னு." அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "யோசிச்சுப் பாருங்க. ஒரு மனுஷன்கிட்டேர்ந்து ஒரு விஷயத்தை மறைக்கறோம். அது அவனுக்கே தெரியாம மறைச்சா அநியாயம் இல்லையா? நான் இந்த சீட்டுல உக்காந்து இருபது வருஷம் ஆச்சு. ஒரு ஆளுக்கும் தெரியாம ஒரு ரகசியத்தைக்கூட நான் மறைச்சதில்ல."

பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் இதைக் கேட்டு மெய்ம்மறந்து தலையாட்டினார். அவர் காரியம் என்ன கதியில் இருக்கிறதோ தெரியவில்லை.

"யாருக்குமே தெரியக் கூடாது சார்" என்றார் மெக்கானிக்.

"அப்படின்னா எல்லாருக்கும் அனுப்பணும். தபால் செலவு உங்களுது."

மெக்கானிக் வெகுநேரம் யோசித்தார். பிறகு அந்தக் கட்டத்தில் தன்னுடைய பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்தார். அதிகாரி வாங்கிப் பார்த்துவிட்டு, இது ஒழுங்காகப் பூர்த்தி செய்யப்பட்டிருக்கிறது என்றார். சில நாள் கழித்து நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவியின் கணக்கில் மனநல மருத்துவமனைக்குப் பணம் போயிருக்கும் விவரம் அவருக்குத் தெரியக் கூடாது என்று கேட்கப்பட்டிருப்பதாகவும், ஆட்சேபம் இருந்தால் வரலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, படித்து, மடித்து, அடுப்பில் காட்டினார். உறை போடாமல் திறந்த அட்டையாக அனுப்பியிருந்தார்கள் என்பது அட்டை எரியும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்குள் கண்டக்டர் மருத்துவமனைப் பக்கங்களை நெருங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் வேலைக்கு நடுவே அடிக்கடி அந்த ஏசி அறையை எட்டிப் பார்ப்பார். கண்டக்டர் கையை உயர்த்துவார். "இப்பதான் புதுத் தலையணை வாங்கினாங்க" என்பார். மெக்கானிக்குத் தூக்கம் போயிற்று. குட்டி வாரம் ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா அத்தான் என்பாள். சாப்பிட்டேன்மா என்பார். கோர்ட் வேலை என்ன ஆச்சு என்பாள். நடக்குதும்மா, ஒண்ணும் இல்ல என்பார். ஒன்றும் இல்லாததைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார்.

கடைசியில் விசாரணை நாள் வந்தது.

கூடம் நிரம்பியிருந்தது. ரகசிய மனுக்கள் எடுக்கும் நாளில் எப்போதும் கூட்டம் அதிகமாம். நீதிபதிக்குக் களைத்த முகம், கனிவான கண். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு அவர் பேசினார்.

"இந்த நீதிமன்றம் ரகசியத்தை மதிக்கிற நீதிமன்றம். ஆனா தெரியாத ஒண்ணை எப்படி மதிக்கறது? அதனால முதல்ல முழுசாத் தெரிஞ்சுக்கறோம். அப்புறம் மதிக்கறோம். வாசிங்க."

வாசிப்பதற்கென்றே ஒரு உத்தியோகஸ்தர் இருந்தார். கணீரென்ற குரல். ரகசியமாக வைக்கக் கோரும் எதையும் பகிரங்கமாக மூன்று தடவை வாசிக்க வேண்டும், அப்போதுதான் ரகசியமாக வைப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தெரியும் என்பது அங்கே வழக்கம். அவர் இடப்பக்கம் திரும்பி ஒரு தடவை, வலப்பக்கம் திரும்பி ஒரு தடவை, நேரே பார்த்து ஒரு தடவை வாசித்தார். மாதம், மருத்துவமனையின் பெயர், உள்நோயாளிக் கட்டணம், பக்கத்தில் 'குட்டிக்கு'. மாதம், மருத்துவமனையின் பெயர், மருந்து, 'குட்டிக்கு'. பின்வரிசையில் கேட்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். மைக் கொண்டுவந்தார்கள்.

மெக்கானிக் தலையைக் குனிந்தபடி நின்றார். மனைவி செல்போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தடவித் தடவி அந்த வார்த்தையை எழுதுவது அவர் கண்முன் வந்தது. இந்த ஆள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதைக் கேட்கக் கேட்க அவருக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரப்படுவதற்குக்கூட அங்கே ஒரு விண்ணப்பம் இருக்கும் என்று தோன்றியதும் அது அடங்கிவிட்டது.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார் நீதிபதி. யாருக்கும் இல்லை. எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள்.

"நல்லது. ஆர்டர் போட்டுடலாம். இன்னாரோட இன்ன விஷயத்தை யாரும் வெளிய சொல்லக் கூடாதுன்னு வாசல் பலகைல ஒட்டிடுவோம். அதுக்கு அந்த இன்னார் யாருன்னு தெரியணும். குட்டிங்கிறது யாரு? பேரு, விலாசம், வேலை பாக்கிற இடம் சொல்லுங்க."

மெக்கானிக் மைக்கைப் பார்த்தார்.

"நீங்க சொல்லலைன்னாலும் பரவாயில்ல. நம்ம ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விசாரிச்சுக்கலாம். அவர் அக்கம்பக்கத்துலயும் விசாரிச்சுட்டு வருவாரு. ரொம்ப நாகரிகமான மனுஷர்."

அந்த நாகரிகமான மனுஷர் காப்பகத்தின் வாசலில் போய் நின்று, வரும் தாய்மார்களிடம் எல்லாம் நாகரிகமாக விசாரிப்பதை மெக்கானிக் நினைத்துப் பார்த்தார். குழந்தையை நீட்டிய கை ஒன்று பின்னால் இழுத்துக்கொள்வதை நினைத்துப் பார்த்தார். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

"நான்தான்" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எதிரே நின்றது ஆறடி உயர ஆள். நரைத்த மீசை, கிரீஸ் ஏறி எப்போதும் கறுத்தே இருக்கும் நகக்கண்.

"நீங்க குட்டியா?"

"அவ என்னை அப்படித்தான் கூப்பிடுவா."

கல்யாணம் ஆன நாள் முதல் அவள் அவரை 'ஏங்க' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூடத்தில் குபீரென்று ஒரு சிரிப்பு எழுந்தது. மைக் அணைக்கப்படாததால் வாசிப்பவர் சிரித்தது தனியாகக் கேட்டது. மெக்கானிக்குக் காது சூடேறியது. அவள் இருந்திருந்தால் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்திருப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள் என்று நினைத்தபோது மட்டும் அவருக்கு அழுகை வந்தது. நோய்க்கு அது ஒரு சாட்சியாக ஆயிற்று. நீதிபதி குறித்துக்கொண்டார்.

"அப்ப விஷயம் சுலபமாப் போச்சு. இது உங்க ரகசியம். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இப்ப எங்களுக்கும் நீங்களே சொல்லிட்டீங்க. காப்பாத்தறதுக்கு இங்க ஒண்ணும் மிச்சம் இல்ல. மனு தள்ளுபடி." அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். குரல் மாறியது. ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். "ஆனா, மனநலம் சரியில்லாதவர், பேர்ல, வீட்டை, எழுதறதுன்னா, பொறுப்பான, சொந்தக்காரங்க, ஒருத்தர், வந்து, கையெழுத்துப் போடணும். புரிஞ்சுதா?"

வெளியே வந்தபோது ரகசியப் பிரிவு அதிகாரி ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களுக்கு யோகம் சார். சில பேருக்கு ரகசியம் வெளிய வரவே வருஷக்கணக்கு ஆகும்."

நீதிமன்றத்துக்கு அக்கறை என்று வந்துவிட்டால் அது பாதியில் நிற்காது. விவரத்தை ஒரு நகல் எடுத்து மெக்கானிக் வேலை பார்க்கும் கம்பெனிக்கும் அனுப்பிவைத்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் உட்காரவைத்துப் பேசியது அதுவே முதல் தடவை. இனி மோட்டார் அறைக்கெல்லாம் ஏற வேண்டாம், கீழே உதிரிபாகக் கிடங்கில் இருங்கள், உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். இருபத்தெட்டு வருஷம் அந்த ஊரில் மனிதர்களை மேலே ஏற்றி இறக்கியவர் ஸ்க்ரூ டப்பாக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். அவர் குடியிருந்த கட்டடத்தில் அவர் லிஃப்டுக்குள் நுழைந்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று படி ஏறுவதில் ஆசை வந்தது. உடம்புக்கு நல்லதாம். காப்பகத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வாராவாரம் போனில் குட்டி எந்தக் குழந்தைக்கு எத்தனை பல் வந்திருக்கிறது என்று சொன்னாள்.

கண்டக்டர் மட்டும் ஒருநாள் வீடு தேடி வந்தார். விலாசம் கோப்பில் இருந்ததாம்.

"அந்தப் பக்கத்தை நான் படிக்கல சார். நீங்க சொன்னீங்களேன்னு தாண்டிட்டேன்" என்றார். பிறகு தரையைப் பார்த்தார். "மைக்ல கேட்டுட்டேன். அதுக்கு நான் என்ன பண்றது?"

பொறுப்பான சொந்தக்காரர் என்று சொல்ல மெக்கானிக்குக் குட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. தள்ளிப்போட்டுப் பார்த்தார். நினைவூட்டல் அட்டைகள் வந்தன, உறை இல்லாமல். கடைசியில் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு கையெழுத்து போட்டா போதும். உள்ள அவங்க பேசறதையெல்லாம் காதுல வாங்கிக்காதே."

அவள் காப்பகத்தில் மதிய நேரத்துக்கு அனுமதி கேட்டுக்கொண்டு வந்தாள். தோளில் ஏதோ குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. கூடத்தில் மெக்கானிக்கின் பக்கத்தில் நின்றாள். வாசிப்பவர் முந்தைய நடவடிக்கையை வாசித்தார். மருத்துவமனை, உள்நோயாளி, 'குட்டிக்கு', மேற்படி குட்டி தானே என மனுதாரர் ஒப்புக்கொண்டார், அழுதார்.

மெக்கானிக் பக்கத்தில் திரும்பவில்லை. சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். அவள் மூச்சு ஒருமுறை நின்று பிறகு வந்தது அவருக்குக் கேட்டது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்றார் நீதிபதி.

"கைக்குழந்தைங்க காப்பகத்துல இருக்கேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. இவரை மாதிரி ஆளுங்களுக்கும் குழந்தைங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல." அவர் எழுதினார். "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த வியாதி உண்டா?"

அவள் வாயைத் திறந்தாள். மெக்கானிக்கின் கை அவர் பக்கத்திலேயே, யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று அசைந்தது.

"நான் இவருக்கு ரத்த சொந்தம் இல்லைங்க. என் அக்காவைக் கட்டினவர்" என்றாள்.

"இந்த மாதிரி ஆளுங்களை எப்படி நடத்தணும்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"எப்படி?"

"எல்லாரையும் மாதிரிதான் நடத்தணும். சாதாரணமாப் பேசணும்."

"சரியாச் சொன்னீங்க" என்று நீதிபதி மகிழ்ந்துபோய் அதையும் எழுதச் சொன்னார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பி, காது கேளாதவரிடம் சொல்வதுபோல் இரைந்தார். "இனிமே, இவங்க, உங்களைப், பாத்துப்பாங்க. சொன்னபடி, கேக்கணும். சரியா?"

"சரிங்க" என்றார் மெக்கானிக்.

அவள் கையெழுத்துப் போட்டாள். மனநலம் குன்றிய லிஃப்ட் மெக்கானிக்குக் காப்பாளர் என்று அவளைப் பற்றி ஒரு சான்றிதழ் எழுதி, அவள் நல்ல மனநலத்தோடு இருப்பதாக நீதிமன்றம் திருப்தி அடைந்தது என்று கடைசியில் சேர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வீடு மெக்கானிக்குக் கிடைத்தது.

தாழ்வாரத்தில் வாசிப்பறைக்காரர்கள் அவருக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்கள். பஸ் நிறுத்தம் வரை அவள் முன்னால் வேகமாக நடந்தாள். அங்கே போனதும் சான்றிதழை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீங்க?"

"வேற வழி தெரியல."

"அக்கா உங்களை ஒரு தடவையாவது குட்டின்னு கூப்பிட்டிருக்காளா?"

"அதெல்லாம் இல்ல."

அவள் சிரிக்கப் போனாள். அது பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதிரே பலகையில் யாருடைய கோப்போ காற்றில் படபடத்தது. இரண்டு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனில எல்லாரும் எப்படி நடந்துக்கறாங்க?"

"நல்லாத்தான் நடந்துக்கறாங்க. ரொம்பவே நல்லா. மெதுவாப் பேசறாங்க. டீயைக் கையில பிடிச்சுக் குடுக்கறாங்க. நேத்து நான் வந்ததும் கத்திரிக்கோலை எடுத்து டிராயர்ல வச்சுப் பூட்டிட்டான் ஒரு பையன். நல்ல பையன்தான், பாவம்."



"நீங்களும் அக்காவும் அந்த ரெண்டு வருஷமும் என்கிட்ட அப்படித்தான் பேசினீங்க, அத்தான். வீட்டுல கத்திரிக்கோல் எங்க இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. நூல் அறுக்கறதுக்குப் பல்லாலதான் கடிப்பேன்."

கத்திரிக்கோலை, காய் நறுக்கும் கத்தியை, சவரப் பிளேடை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு லிஃப்ட் மோட்டார் அறையில் கொண்டுபோய் வைத்தவர் மெக்கானிக்தான். ராத்திரியில் மனைவியும் அவரும் சமையலறையில் நின்று, இன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தார். பாசம்தான். ஆனாலும் இந்த மூன்று மாதமாக அதே பாசத்தை ஊரே அவருக்குக் காட்டியதில் அவர் ஆளே பாதியாகியிருந்தார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்றார்.

"சொல்லியிருந்தா இன்னும் மெதுவாப் பேசியிருப்பீங்க."

பஸ் வந்து நின்றது. அவள் நகராமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

"என்ன மரம் மாதிரி நிக்கறே? ஏறு, பஸ் போயிடும். அங்க குழந்தைங்கல்லாம் முழிச்சு ஊரைக் கூட்டப்போகுது" என்று ஒரு அதட்டல் போட்டார். பலகைமுன் நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.